நண்பனுக்குக் கடிதம்: ஒரே காலத்தில் பல மனிதர்கள்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஆனால் அதற்குள் நாலு பக்கம் எழுதியிருக்கிறாயே, உன் மருத்துவர் பார்த்தால் திட்டப் போவது என்னைத்தான். நான் நலம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். "குரங்கு, பாதிக் குரங்கு, நியாண்டர்தால், கடைசியில் நாம். சரிதானே தாத்தா?" என்று அவள் கேட்க, நீயும் தலையாட்டிவிட்டாய். முப்பது வருடம் உயிரியல் வாத்தியாராக இருந்தவன் இப்படிச் செய்யலாமா? கூனிய உருவம் படிப்படியாக நிமிரும் அந்தப் படம் நம் எல்லார் மண்டையிலும் ஆணியடித்து மாட்டியிருக்கிறது. ஒருவர் போன பிறகே அடுத்தவர் வந்தார் என்று அது நம்ப வைக்கிறது. நடந்தது வேறு. ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் இனம் ஆப்பிரிக்காவிலும் அதன் வாசலிலும் இருந்தது. அதே நேரத்தில் ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் நியாண்டர்தால்கள் என்ற, இன்று இல்லாத மனித வகை. ஆசியாவின் உள்பகுதிகளில் டெனிசோவன்கள். இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் மூன்றரை அடி உயரக் குள்ளர்கள். பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் இன்னொரு கூட்டம். மனிதர் என்று சொன்னால் ஒரே ஒரு வகை என்று ஆனது மிக அண்மைக்கால நிலை.

இவர்களில் என்னைப் பிடித்துக்கொண்டு விடாதவர்கள் டெனிசோவன்கள். சைபீரியாவின் அல்தாய் மலையில் டெனிசோவா என்றொரு குகை. 2008இல் அங்கே ஒரு சுண்டுவிரல் எலும்பின் நுனி கிடைத்தது. ஜெர்மனியின் லைப்ஸிக்கில் மரபியல் ஆய்வாளர் ஸ்வாந்தே பேபோவின் குழு அதிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்தபோது அது நம்மோடும் பொருந்தவில்லை, நியாண்டர்தாலோடும் பொருந்தவில்லை. 2010இல் இதை அறிவித்தார்கள். மண்டையோடு இல்லை, முகம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. ஆனால் ஒரு மனிதக் கூட்டம் இருந்தது என்பது உறுதியாகிவிட்டது. தொல்லியலில் இதற்கு முன் இப்படி நடந்ததில்லை.

அதைவிட விசித்திரம் அதே குகையில் 2012இல் கிடைத்த இன்னொரு துண்டு. இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான். எந்த மிருகத்தின் எலும்பு என்றே தெரியாத இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துணுக்குகளோடு அதுவும் கிடந்தது. எலும்பில் உள்ள கொலாஜன் என்ற புரதம் விலங்குக்கு விலங்கு கொஞ்சம் மாறும். எலும்பைத் துளி சுரண்டி, அந்தப் புரதத்தை நொதியால் துண்டாக்கி, துண்டுகளின் நிறையை அளந்தால் மானா, கழுதைப்புலியா, மனிதனா என்று தெரிந்துவிடும். சமந்தா பிரவுன் என்ற ஆய்வு மாணவி இப்படி ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போனார். நெற்குவியலில் ஊசி தேடுகிற வேலை. ஒரே ஒரு துண்டு மனிதனுடையது என்று வந்தது. அதன் மரபணு முடிவு 2018இல் வெளியானது: சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, பதின்மூன்று வயதை எட்டியிருந்த ஒரு பெண். தாய் நியாண்டர்தால், தந்தை டெனிசோவன்!

முடிவைப் பார்த்ததும் ஏதோ கலப்படம் நேர்ந்திருக்கும் என்று ஆய்வுக்குழுவே சந்தேகப்பட்டு மறுபடி மறுபடி சோதித்ததாம். அதோடு முடியவில்லை. அந்தத் தந்தையின் மரபணுவிலும் பல நூறு தலைமுறைக்கு முந்தைய நியாண்டர்தால் கலப்பு இருந்தது. தாயோ, அதே குகையில் அதற்கு முன் வாழ்ந்த நியாண்டர்தால்களைவிட, ஐரோப்பாவின் குரோவேஷியாவில் பிற்காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு நெருங்கியவள். ஆக, கூட்டங்கள் கண்டத்தின் குறுக்கே இடம்பெயர்ந்தும் கலந்தும் இருந்திருக்கின்றன.

இந்த இடத்தில் உன்னோடு ஒரு சண்டை போட வேண்டும். கலந்து பிறந்த பிள்ளைக்கும் பிள்ளை பிறந்தால் ஒரே இனம் என்றுதானே வகுப்பில் சொல்லிக்கொடுத்தாய்? அந்தக் கணக்கில் இவர்கள் எல்லாரும் ஒரே இனம். எலும்பு ஆய்வாளர்களோ மண்டையோட்டின் வேறுபாட்டைப் பார்த்துத் தனித்தனி இனம் என்கிறார்கள். சீனாவின் ஹார்பினில் கிடைத்த பெரிய மண்டையோட்டையே எடுத்துக்கொள். 1933இல் பாலம் கட்டும்போது கிடைத்ததாம். ஜப்பானியர் கையில் சிக்காமலிருக்க ஒரு கிணற்றில் ஒளித்து வைத்திருந்தார்களாம். 2018இல் வெளியே வந்தது. 2021இல் அதற்கு 'ஹோமோ லோங்கி' என்று புதுப்பெயர் வைத்தார்கள். 2025இல் அதன் பல் காரையில் எஞ்சியிருந்த மரபணுவும் எலும்புப் புரதமும் அது டெனிசோவன் என்று காட்டிவிட்டன. முகம் தெரியாதவர்களுக்கு முகம் கிடைத்துவிட்டது; புதுப் பெயரை என்ன செய்வதென்று இப்போது ஆய்வாளர்களுக்குள் விவாதம் நடக்கிறது. எனக்கென்னவோ புதிய மண்டையோடு கிடைத்தவுடன் புதிய பெயர் சூட்டும் அவசரம் பிடிக்கவில்லை. மக்கள்கூட்டங்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

தென்னாப்பிரிக்காவில் எலும்புகள் கிடைத்த ஹோமோ நலேடி என்ற மனித வகையை மட்டும் அப்படிச் சேர்க்க முடியாது. மூளை நம்முடையதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஆனாலும் சுமார் மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு முன்புகூட வாழ்ந்திருக்கிறது. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் கிடைத்த காலமும் கிட்டத்தட்ட அதுதான். நலேடிகள் இறந்தவர்களைப் புதைத்தார்கள் என்று 2023இல் ஒரு வாதம் எழுந்தது. ஆதாரம் போதாது என்றே எனக்குப் படுகிறது.

கடைசியாக, "நாம் புத்திசாலிகள், அதனால் ஜெயித்தோம்" என்று எழுதியிருந்தாயே. ஈராக்கின் ஷானிதார் குகையில் கிடைத்த ஒரு நியாண்டர்தால் மனிதருக்கு வலது கை சூம்பியிருந்தது. முகத்தில் பலத்த அடி; அநேகமாக ஒரு கண் தெரியாது. அப்படியும் அடிபட்ட பிறகு பல ஆண்டுகள் வாழ்ந்து நாற்பதைத் தாண்டியிருக்கிறார். கூட இருந்தவர்கள் பார்த்துக்கொள்ளாமல் இது நடக்குமா? அவர்களை முட்டாள்கள் என்று என்னால் சொல்ல முடியாது. எண்ணிக்கை குறைவு என்பதுதான் அவர்களுடைய பெரிய பலவீனமாகத் தெரிகிறது. டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு நியாண்டர்தால் பெண்ணின் கால்விரல் எலும்பிலிருந்த மரபணுவைப் பார்த்தபோது, அவளுடைய பெற்றோர் தாய் அல்லது தந்தை ஒருவர் மட்டும் பொதுவான உடன்பிறப்புகள் என்று சொல்லத்தக்க அளவுக்கு நெருங்கிய உறவு. கூட்டம் அவ்வளவு சிறிது. சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்டார்கள். முழுதாகவும் மறையவில்லை: ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களின் மரபணுவில் ஏறத்தாழ 2 சதவீதம் அவர்களுடையது. திபெத்தியர்கள் ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் வாழ உதவும் மரபணு வடிவம் டெனிசோவன்களிடமிருந்து வந்தது. 2020இல் கொரோனாவின் தீவிரத்தைக் கூட்டும் ஒரு மரபணுப் பகுதி நியாண்டர்தால் சொத்து என்று கண்டுபிடித்தார்கள். நல்லதும் கெட்டதுமாக வந்து சேர்ந்திருக்கிறது.

ஃபுளோரஸ் குள்ளர்களைப் பற்றி நிறைய இருக்கிறது, அடுத்த கடிதத்தில். டிசம்பரில் நம் பழைய வகுப்புக்காரர்கள் கூடுகிறார்களாமே, மூர்த்தி போனில் சொன்னான். நீ வருவதாக இருந்தால் சீக்கிரம் எழுது, இரண்டு பேருக்கும் சேர்த்தே டிக்கெட் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
கணேசன்