ஒரே லென்ஸ் போதுமா என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்றாயிற்று, மகளும் வேலைக்குப் போய்விட்டாள், இனிமேல் நானும் கேமராவும்தான் என்று எழுதியிருந்தாயே, படித்ததும் மனசுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். எனக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது, அதனால் இப்போதெல்லாம் கேமரா பையில் எதை வைத்தாலும் எடையைப் பார்த்துத்தான் வைக்கிறேன்.

சரி, லென்ஸுக்கு வருகிறேன். உன் நிக்கான் டி5600 கேமராவில், அதோடு வந்த 18-55 கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு டேம்ரான் 18-400 ஒன்றை மாட்டிவிட்டால் ஆயுசுக்கும் போதுமே என்கிறாய். (இந்த எண்களெல்லாம் மி.மீ.-இல் ஃபோக்கல் லெங்த். எண் சின்னதானால் அகலமாகத் தெரியும், பெரிதானால் தூரத்தில் இருப்பது கிட்டத்தில் தெரியும்.) ஆசை நியாயமானதுதான். ஆனாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 18-இலிருந்து 400 என்றால் இருபத்திரண்டு மடங்கு ஜூம், அத்தனையையும் ஒரே குழாய்க்குள் அடைக்க வேண்டுமென்றால் எங்காவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். 18-இல் கட்டடத்தின் நேர்க்கோடுகள் வெளிப்பக்கம் வளையும், 400-இல் வெளிச்சம் வரும் துளை எஃப் 6.3-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சின்னதானால் துளை பெரிது), ஓரங்களில் கூர்மை குறையும். வளைவை மென்பொருளில் நிமிர்த்திவிடலாம், போன கூர்மை திரும்பி வராது. எடையும் சுமார் 700 கிராம். லென்ஸ் இல்லாத உன் கேமரா பாடியோ பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 465 கிராம்தான், கழுத்தில் மாட்டினால் கேமராவின் மூக்கு எப்போதும் கீழே தொங்கிக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க நடக்கிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய். இதுவரை எடுத்த படங்களை லைட்ரூம் மென்பொருளில் திறந்து, லைப்ரரியில் மெட்டாடேட்டா ஃபில்டரில் ஃபோக்கல் லெங்த்தைத் தேர்ந்தெடுத்துப் பார். எந்த மி.மீ.-இல் எத்தனை படம் என்று வரிசையாகக் காட்டும். 55-இல் குவிந்து கிடந்தால் தூரத்துக்குத்தான் தவித்திருக்கிறாய். 18-இல் குவிந்திருந்தால் உனக்கு வேண்டியது அகலம். நடுவில் பரவியிருந்தால் இப்போதிருக்கும் ரேஞ்சே உனக்குச் சரி, தரத்தை மட்டும் கூட்டினால் போதும். கடைக்காரர் சொல்வதையும் நான் சொல்வதையும் விட உன் படங்கள் சொல்வதுதான் முக்கியம்.

நீ அனுப்பியிருந்த படங்களை வைத்துப் பார்த்தால் உனக்கு அகலம்தான் போதவில்லை என்று தோன்றுகிறது. அந்தக் குடும்பப் படத்தில் இரண்டு ஓரத்திலும் ஆட்கள் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறார்கள், நீ சுவரோடு ஒட்டி நின்றுதான் எடுத்திருப்பாய். உன் நிக்கானில் இருக்கும் சின்ன அளவு சென்சாரில், அதாவது க்ராப் சென்சாரில், 18 மி.மீ. 76 டிகிரி பார்க்கும், 16 மி.மீ. 83 டிகிரி. வெறும் 2 மி.மீ.தானே என்று நினைக்காதே, அறைக்குள் அந்த ஏழு டிகிரியில் ஓரத்து ஆள் முழுசாக உள்ளே வந்துவிடுவார். நீளம் கொஞ்சம் குறைந்தால் 24 மெகாபிக்ஸலில் வெட்டிக்கொள்ளலாம், அகலம் குறைந்தால் வெட்டிச் சரிசெய்ய வழியில்லை.

அதனால் நான் வாங்குவதென்றால் நிக்கான் 16-80, எஃப் 2.8-4, 2015-இல் வந்தது, அதைத்தான் வாங்குவேன். அது கைக்கு மிஞ்சினால் பழைய 16-85-ஐ செகண்ட் ஹேண்டில் தேடு. சிக்மா 17-70-உம் நல்ல லென்ஸ், 22 செ.மீ. வரை கிட்டப்போய் ஃபோகஸ் செய்யும், பூ, பூச்சி எடுக்க உனக்குப் பிடிக்கும். ஒரே லென்ஸ்தான், தூரமும் வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தால் 18-140-ஓடு நிறுத்திக்கொள், அதைத் தாண்டாதே. பறவைப் பித்து பிடித்தால் பிறகு தனியாக ஒரு 70-300 ஏஎஃப்-பி (உள்ளேயே ஃபோகஸ் மோட்டார் உள்ள வகை) வாங்கிக்கொள்ளலாம், உன் பாடியில் வேலை செய்யும்.

அப்புறம் வெளிச்சம். எஃப் 5.6-ஐ விட எஃப் 2.8 நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 2.8-இல் ஷட்டர் 1/60 நொடி திறந்தால் போதுமென்றால் 5.6-இல் அதே ஐஎஸ்ஓவுக்கு (சென்சாரின் வெளிச்ச உணர்வு அளவு) 1/15 ஆகிவிடும். விஆர் இருக்கிறதே என்பாய். அது உன் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், ஓடுகிற குழந்தையை நிறுத்தி வைக்காது. வீட்டுக்குள், மாலை நேரத்தில் எடுக்க நிக்கான் 35 எஃப் 1.8 டிஎக்ஸ் ஒன்று பையில் கிடக்கட்டும், 200 கிராம்தான்.

ஒரு எச்சரிக்கை. டி5600 பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏஎஃப் அல்லது ஏஎஃப்-டி நிக்கான் லென்ஸை வாங்கிவிடாதே, கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டியிருக்கும். நிக்கானில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிறதா பார், மற்ற கம்பெனி லென்ஸ் என்றால் உள்ளே மோட்டார் உண்டா என்று கேட்டுக்கொள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் டார்ச் ஒன்றைக் கையோடு கொண்டுபோ. பின்பக்கமிருந்து வெளிச்சம் அடித்து முன்பக்கம் வழியாகப் பார்த்தால், பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரியும், அப்படித் தெரிந்தால் பேரமே பேசாமல் வந்துவிடு. ஜூமை 16-இல் வைத்து லென்ஸைக் குப்புறப் பிடித்துப் பார், தானாக நீண்டு இறங்குகிறதென்றால் உள்ளே தளர்ந்திருக்கிறது. முடிந்தால் ஒரு செங்கல் சுவருக்கு நேராக நின்று, துளையை முழுசாகத் திறந்து ஒரு படம் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார். நான்கும் ஒரே மாதிரி கொஞ்சம் மங்கலாக இருந்தால் பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் குழைந்து தெரிந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அது வேண்டாம்.

லைட்ரூம் என்ன காட்டியது என்று எழுது. நான் நினைத்ததற்கு மாறாக 55-இல் குவிந்திருந்தால் பேச்சே மாறும், 16-80-ஐ விட்டுவிட்டு 18-140-ஐப் பற்றி யோசிப்போம். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி