கொழும்பில் ஊழியம் செய்யும் போதகர்களுக்கு: எங்கள் வேதத்தை எங்களிடமே விட்டுவிடுங்கள்

மதிப்புக்குரிய போதகர் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழில் ஆராதனை நடத்தும் சுவிசேஷ சபைகளுக்கு இதை எழுதுகிறேன். எந்தச் சபை என்று பெயர் சொல்லப் போவதில்லை. யாருடைய ஆட்கள் வீடு வீடாகப் போகிறார்கள், எந்தத் துண்டுப்பிரசுரம் யாருடைய செலவில் அச்சாகிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இருக்கு வேதத்தில் படைப்புக் கடவுளாக வரும் பிரஜாபதி இயேசுதான் என்ற பேச்சும் உங்களுக்குப் புதிதில்லை. தமிழ்நாட்டு மேடைகளில் நெடுங்காலமாக ஓடுகிற பேச்சு, வாட்ஸ்அப்பில் ஏறி இப்போது எங்கள் வாசற்படிக்கே வந்துவிட்டது.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். உங்கள் கடவுளை உங்கள் விவிலியத்தைக் கொண்டு சொல்லுங்கள். எங்கள் வேதத்தையும் திருமுறையையும் திருக்குறளையும் அதற்குச் சாட்சியாக இழுக்காதீர்கள்.

எழுதவைத்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அண்மையில் என் தகப்பனார் சிவபதம் அடைந்தார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து, துடக்குக் கழிக்கும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இன்னும் நாள் இருந்தது. பகலில் நாங்கள் வேலைக்குப் போய்விட, தொடர்மாடி வீட்டில் அம்மா தனியே இருந்தார். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்து, தேத்தண்ணியும் கொடுத்திருக்கிறார். வந்தவர்கள் மரியாதையாகத்தான் கதைத்தார்களாம். போகும்போது ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். முன்பக்கத்தில் ஓங்காரமும் குத்துவிளக்கும். அதன்கீழே 'ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்'. கோயிலால் தந்தது என்று நினைத்து அம்மா அதைச் சாமி அறையில், அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில், விபூதித் தட்டோடு வைத்திருந்தார்.

பின்பக்கத்தை அவர் இரவில்தான் வாசித்தார். பிரஜாபதி மனிதரின் பாவத்துக்காகப் பலியானார் என்று இருக்கு வேதம் முன்னறிவித்ததாம்; அவரை ஏற்காமல் இறந்தவனுக்கு மீட்பு இல்லை என்று வேதமே சொல்கிறதாம். அடுத்த நாள் காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "பிள்ளை, அப்ப அப்பாவுக்குக் கதி இல்லையோ? வேதத்திலயே இருக்குதாம். அண்டைக்குத் திருப்பொற்சுண்ணம் பாடி இடிச்சதெல்லாம் வீணோ?" செத்த வீட்டில் உரலில் சுண்ணம் இடித்தபடி நாங்கள் பாடும் திருவாசகப் பாட்டைத்தான் சொன்னார்.

ஐயாமாரே, என் அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல். சிவபுராணம் சொல்லாமல் அவர் விளக்கு வைத்ததை நான் கண்டதில்லை. சமஸ்கிருதம் தெரியாது. வேதம் என்று அச்சில் இருந்தால் அது வேதம்தான் என்று நம்புகிற தலைமுறை. விவிலிய வசனத்தைக் காட்டியிருந்தால், "அது உங்கட சமயம், நல்லது" என்று சொல்லி வழியனுப்பியிருப்பார். அது உங்கள் ஆட்களுக்கும் தெரியும். தெரிந்துதான் ஓங்காரத்தையும் திருமூலரையும் முன்னால் போட்டிருக்கிறார்கள். கணவனைப் பறிகொடுத்து ஒரு மாதம்கூட ஆகாத மனுசியிடம், அவள் வாழ்நாள் முழுக்க நம்பிய நூலின் பெயரையே சொல்லி, உன் புருஷனுக்குக் கதியில்லை என்று சொல்வதை எந்த அன்பில் சேர்ப்பது? அந்தியேட்டி அன்று குருக்கள் ஐயா பக்கத்தில் இருந்து நெடுநேரம் ஆறுதல் சொன்ன பிறகுதான் அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டார்.

இனி, அந்தத் தாளில் இருந்ததைப் பற்றி. நான் அறநெறிப் பாடசாலையில் சைவசமயம் படிப்பிக்கிறவள். பெரிய பண்டிதை இல்லை. ஆனால் புத்தகத்தைத் திறந்து பார்க்கத் தெரியும்.

உங்கள் தாள் ஆதாரம் காட்டும் புருஷ சூக்தம் இருக்கு வேதத்தின் 10ஆம் மண்டலத்தில் 90ஆவது சூக்தம், அதாவது துதிப்பாட்டு. பதினாறு மந்திரங்கள். ஆயிரம் தலையும் ஆயிரம் கண்ணும் ஆயிரம் காலும் உடைய புருஷன். அவனுடைய காற்பங்கே எல்லா உயிர்களும், முக்காற்பங்கு விண்ணில் அழியாதது. தேவர்கள் செய்த அந்த வேள்வியிலிருந்து மனத்தில் சந்திரன், கண்ணில் சூரியன், வாயில் இந்திரனும் அக்கினியும், மூச்சில் வாயு பிறந்தார்கள். உலகம் தோன்றியதைப் பாடுகிற பாட்டு அது. அந்தப் பதினாறில் பாவமும் இல்லை, பாவமன்னிப்பும் இல்லை, சிலுவையும் இல்லை, உயிர்த்தெழுதலும் இல்லை. பிரஜாபதி என்ற பெயர்கூட அங்கே வரவில்லை. பிரஜாபதியை முழுமுதலாக அழைப்பது அதே மண்டலத்தின் 121ஆவது சூக்தத்தின் கடைசி மந்திரம். அங்கே ரிஷி கேட்பது செல்வங்களுக்குத் தலைவர்களாகும் வரம். 'கன்னிசுதாய நமஹ' என்று தொடங்கி வேத மந்திரங்கள் என நீங்கள் அடுக்கியிருக்கும் போற்றிகளோ நான்கு வேதத்திலும் இல்லாதவை. மண்டல எண், சூக்த எண் எதுவும் உங்கள் தாளில் போடாததற்குக் காரணம் அதுதான்.

திருமூலரிடம் வருகிறேன். 'ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்' என்ற அடியோடு நிறுத்திவிட்டீர்கள். அந்தத் தேவன் யார் என்று அவர் சொல்லாமல் விட்டாரா? நூலின் தொடக்கத்திலேயே 'சிவனோடொக்கும் தெய்வம் தேடினும் இல்லை' என்று பாடிவிட்டார். மூவாயிரம் பாட்டில் ஒரு பாட்டின் ஓர் அடியைக் கிள்ளி எடுத்து, அவர் கனவிலும் நினையாத பொருளை அதற்குப் பூட்டுவது அவருக்குச் செய்யும் அநியாயம். எங்கள் கொள்கையில் சிவன் கருவில் வந்து பிறப்பவனும் அல்லன், இறப்பவனும் அல்லன். சிலப்பதிகாரம் எழுதிய சமணத் துறவிக்கே அது தெரிந்திருந்தது; 'பிறவா யாக்கைப் பெரியோன்' என்றார். பிறந்து, பாடுபட்டு, இறந்து, எழுந்தவரை நீங்கள் வணங்குகிறீர்கள். அது உங்கள் நம்பிக்கை. அதன் ஆழத்தை நான் மதிக்கிறேன். இரண்டையும் ஒன்று என்று சொன்னால் உங்கள் சமயத்துக்கும் அது உண்மையாக இராது.

இது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 18ஆம் நூற்றாண்டில் எசூர் வேதம் என்று ஒன்று பிரான்சுக்குப் போனது. பழைய வேதம் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேரே நம்பினார். 1778இல் அச்சும் ஏறியது. பிறகு சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எல்லிஸ் துரை புதுச்சேரியில் மிஷனரிகளிடம் இருந்த கையெழுத்துப் படிகளைப் பார்த்து எழுதிய ஆய்வு 1822இல் வெளியானபோது, அது பாதிரிமார் வட்டத்தில் உருவானது என்பது வெளிச்சத்துக்கு வந்தது. திருக்குறளை 1886இல் ஆங்கிலத்தில் தந்த போப் ஐயரின் தமிழ்ப்பற்றை நாங்கள் இன்றும் கொண்டாடுகிறோம். ஆனால் வள்ளுவர் மயிலாப்பூரில் கிறிஸ்தவ போதனையைக் கேட்டிருப்பார் என்ற அவருடைய ஊகம் இன்று உங்கள் மேடைகளில் நிரூபிக்கப்பட்ட வரலாறுபோலப் பேசப்படுகிறது.

ஆறுமுக நாவலரையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் முன்னோரோடு அவரளவுக்கு வாதாடியவர் இந்த மண்ணில் இல்லை. ஆனால் அவர் பார்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழில் பெயர்க்க உழைத்தவர். 1854இல் சைவத்தின்மேல் பாதிரிமார் சொன்ன பழிகளுக்கு மறுப்பாகச் சைவதூஷண பரிகாரம் எழுதியபோது விவிலியத்தை முழுக்கப் படித்த அறிவோடு, இன்ன இடத்தில் இன்னது இருக்கிறது என்று காட்டி எழுதினார். இயேசுவை முருகன் என்று அவர் சொல்லவில்லை. அந்த அளவு நேர்மையைத்தான் உங்களிடம் எதிர்பார்க்கிறேன்.

கிறிஸ்தவர்கள்மேல் எனக்கு வெறுப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி ஏற்றுகிறவர்களில் எத்தனை சைவச் சனம் என்று போய்ப் பாருங்கள். பக்கத்துச் சிவன் கோயிலில் பொன்னம்பலவாணேசரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே நடந்து அங்கேயும் போவார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று அந்தக் கோயிலில் குண்டு வெடித்தபோது கொட்டாஞ்சேனை முழுதும் சேர்ந்துதான் அழுதது. தனிநாயகம் அடிகளாரைத் தமிழுக்குத் தந்ததும் உங்கள் சமயம்தான். இவ்வளவு அன்னியோன்னியமாக வாழ்கிற இடத்தில்தான் இந்தத் துண்டுத்தாள்கள் நஞ்சைக் கலக்கின்றன.

இன்னொன்றும் மனதைக் குடைகிறது. 2023ஆம் ஆண்டு ஒரு போதகர் புத்தரை இயேசுவோடு தொடுத்துப் பேசியதும் நாடே கொதித்தது. அப்போதைய ஜனாதிபதியே விசாரணைக்குப் பணித்தார். எங்கள் வேதத்தைத் திரித்தால் கேட்க ஒரு நாதி இல்லை. எங்கள் கோயில் தர்மகர்த்தாக்களும் கும்பாபிஷேகத்துக்கும் கோபுர வர்ணத்துக்கும் கோடிக்கணக்கில் சேர்க்கிறார்கள். அறநெறி வகுப்புக்கு ஒரு கரும்பலகை வாங்க நாங்கள் அலைய வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளைக்கு நாலு தேவாரத்தைப் பொருளோடு சொல்லிக்கொடுத்திருந்தால் இந்தத் தாளை அந்தப் பிள்ளையே மறுத்திருக்கும். மலையகத்திலும் வன்னியிலும் புருஷனை இழந்து நிற்கிற பெண்களின் வீட்டுக்கு உங்கள் ஆட்கள் போகுமுன் எங்களவர் யார் போனார்கள்? அந்தக் கணக்கை எங்கள் பெரியவர்களிடம் வேறாகக் கேட்பேன்.

உங்களிடம் கேட்பது இதுதான். 2004இல் கொண்டுவரப்பட்டு நிறைவேறாமல் போன சட்டமூலம்போன்ற மதமாற்றத் தடைச் சட்டம் எதையும் நான் கோரவில்லை. அப்படியொரு சட்டம் இந்த நாட்டில் நாளைக்கு யார் தலையில் விழும் என்பது தமிழர்களாகிய நம் இருவருக்கும் தெரியும். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை உங்களுக்குத் தரும் போதிக்கும் உரிமையும் உங்களுடையதே. அந்த உரிமையை உங்கள் நூலைக் கொண்டு பயன்படுத்துங்கள். எங்கள் நூலைத் தொடாதீர்கள். தொட்டே ஆகவேண்டும் என்றால் முழுப் பாட்டையும் அது இருக்கும் இடத்தையும் போட்டு, எங்கள் அறிஞர்களோடு ஒரே மேடையில் இருந்து பேசுங்கள். கதவடைத்த வீட்டில் தனியே இருக்கும் கிழவிகளிடம் வேண்டாம். துடக்கு வீட்டுக்கு அந்தியேட்டி முடியும்வரை ஊழியத்துக்கென்று ஆள் அனுப்பாதீர்கள். ஓங்காரம் போட்ட அந்தத் துண்டுப்பிரசுரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்; திரும்பப் பெற்றோம் என்று ஞாயிறு ஆராதனையில் உங்கள் சபையாருக்கே ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். பதிலை எதிர்பார்க்கிறேன். நேரில் பேச விரும்பினாலும் வரலாம். அம்மா அன்றைக்குப் போலவே தேத்தண்ணி தருவார், இந்த முறை நானும் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு சைவ ஆசிரியை