தறிக்குழியை மூட வேண்டாங்க அப்பா

பெரீயா, கென்டக்கி, அமெரிக்கா
மார்கழி மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கமுங்க. நான் நல்லா இருக்கிறேன். நீங்கள், அம்மா, அம்மிச்சி, தங்கச்சி எல்லாரும் சுகந்தானுங்களா? உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. போனில் ஒரு வார்த்தை சொல்லாமல், தறிக்குழியை மூடிவிட்டு அந்த அறையைச் செல்போன் கடைக்கு வாடகைக்கு விடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததில் இருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. என் பதிலைச் சொல்வதற்கு முன் இந்த ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சின்ன ஊர்தானுங்க. நம் பவானியில் பாதிகூட இருக்காது. அப்பலாச்சியன் மலையடிவாரம். அரிசி பருப்பு வாங்க லெக்சிங்டன் வரை போக வேண்டும். ஆனால் ஊர் முழுக்கக் கைவேலைக்காரர்கள். மண்பாண்டம் வனைகிறவர், கண்ணாடி ஊதுகிறவர், வால்நட் மரத்தில் டல்சிமர் என்கிற தந்தி வாத்தியம் செய்கிறவர், நெசவாளர் என்று எல்லாரும் உண்டு. நடுவில் 1855-இல் தொடங்கிய பெரீயா கல்லூரி. அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் படிக்கிற எல்லாரும் வாரம் 10 மணி நேரமாவது வேலை பார்க்க வேண்டும். சிலருக்குத் தறி, சிலருக்குத் தச்சு, சிலருக்குத் துடைப்பம் கட்டுவது. 1890-களில் மலைக் குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஈடாக வீட்டில் நெய்த போர்வைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்களாம்.

பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேனே, நாய்க்குக் கம்பளிச் சட்டை போட்டுக் கூட்டிப் போகிறவர். அவர் துடைப்பம் கட்டுகிறவர். எதில் தெரியுங்களா? சோளத்தில். நம் காட்டுச் சோளத்தின் இனம்தான், கதிர்க் காம்புகள் மட்டும் முழ நீளம் நீண்டு வரும். அதைச் சிவப்பு, நீலம் என்று சாயத்தில் முக்கிக் காயவைக்கிறார். கட்டும்போது லேசாக நனைத்துக்கொள்கிறார், இல்லாவிட்டால் ஒடிந்துவிடும். காலால் சக்கரத்தை மிதிக்க மிதிக்கப் பிடிக் கட்டை சுழல்கிறது, கயிறு இறுகிக்கொண்டே போகிறது. அப்புறம் இடுக்கியில் கொடுத்துத் தட்டையாக்கிப் பெரிய ஊசியால் தைக்கிறார். முடிந்ததும் பிடியில் தன் பெயரை எழுதுகிறார். என்னோடு பேசுவதே குறைவு, பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார். ஆனால் திண்ணையில் நான் விரித்திருந்த நம் ஜமக்காளத்தைப் பார்த்துவிட்டு, குனிந்து ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, யார் நெய்தது என்று கேட்டார். எங்க அப்பா என்றேன். பெயர் எங்கே போட்டிருக்கிறது என்றார். எனக்குப் பதில் வரவில்லைங்க.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே சர்ச்சில் வீவர்ஸ் என்று பெரிய கைத்தறிக் கூடம் இருந்தது. அதைத் தொடங்கிய சர்ச்சில் என்பவர் ஒரு இன்ஜினியர், கிறிஸ்தவ மிஷன் வேலையாக நம் நாட்டு அகமதுநகரில் இருந்தவர். அங்கே இருக்கும்போதுதான் கயிற்றை இழுத்தால் நாடா வேகமாக ஓடுகிற விசைநாடாக் கைத்தறி ஒன்றை வடிவமைத்தார். பிறகு மனைவியோடு இந்த ஊருக்கு வந்து 1922-இல் கூடத்தை ஆரம்பித்தார். நம் மண்ணில் பிறந்த தறி இங்கே வந்து எத்தனையோ வீடுகளுக்குச் சோறு போட்டிருக்கிறது. 2007-இல் அதை மூடிவிட்டார்கள். ஆனாலும் ஊரில் தறிச் சத்தம் நிற்கவில்லை. கல்லூரியில் பிள்ளைகள் நெய்கிறார்கள், வெளியூர்க்காரர்கள் வந்து நின்று பார்க்கிறார்கள், பார்த்த கையோடு வாங்கிப் போகிறார்கள்.

குளிர் அதிகம்தான், ஆனால் பழகிவிட்டது. ஹீட்டரைக் குறைத்தே வைத்துக்கொள்கிறேன், அதிகச் சூடு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. போர்வைக்கு மேலே ஜமக்காளத்தைப் போட்டுக்கொண்டால் போதும். சாப்பாட்டுக்குக் குறையில்லை. இங்கேயும் இனிப்புச் சோளத்தட்டை ஆட்டிக் காய்ச்சிப் பாகு எடுக்கிறார்கள். கவுந்தப்பாடி ஆலைப் பக்கம் அடிக்கிற வாசம் அப்படியே வந்தது. ஒரு பாட்டில் வாங்கித் தோசைக்குத் தொட்டுக்கொண்டேன். இந்த மாதப் பணம் பொங்கலை ஒட்டித்தான் வரும். கம்பெனியில் வருடக் கணக்கு முடிக்கிற சமயம், வேறொன்றும் இல்லை.

சனிக்கிழமை கல்லூரி நெசவுக் கூடத்துப் பக்கம் போனேன். தறியில் அச்சு அடிக்கிற சத்தம் தெருவுக்கே கேட்டது. நீங்களும் மாமாவும் பெரிய தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சு ஒரு பக்கம் நடக்க, கை பார்க்காமலே நாடாவை மாற்றி மாற்றித் தள்ளுவீர்களே, அம்மா வாசல்படியில் நூலைத் தார் சுற்றிக்கொண்டே குறுக்கே பேசுவாரே, எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிட்டது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். ஊருக்கு வர வேண்டும்போல இருக்கிறதுங்க அப்பா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முட்டி வலி என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய தறியை நிறுத்திவிடுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. தாத்தாவுடைய சின்னத் தறிக் குழியை மட்டும் மூட வேண்டாம். நம் ஜமக்காளத்துக்கு 2005-06-இலேயே புவிசார் குறியீடு வந்தது. இன்னமும் விசைத்தறிச் சரக்கைப் பவானி ஜமக்காளம் என்று விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாங்குகிறவர் கைத்தறியைக் கண்ணால் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அமாவாசைக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் ஆறுகள் சேர்கிற நம் கூடுதுறைக்கு எத்தனை ஜனம் வருகிறது! அந்த அறையின் தெருப்பக்கச் சன்னலைத் திறந்து வைத்து நெய்யுங்கள். உட்காரும் பாய் அளவில் சின்னதாகப் போடுங்கள், ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரைத் தையுங்கள். மாமாவையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டார். செல்போன் கடைக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அந்தத் தொகையை நான் தருகிறேன்.

தங்கச்சி சம்பந்தமாகச் சென்னிமலைக்காரர்களுக்குத் தை பிறந்ததும் பதில் சொல்லலாம். அதற்கு முன் பெரியம்மாவை ஒரு நடை அனுப்பிப் பையனைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். சீர் பேச்சு எடுத்தால், அண்ணன் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். முக்கியமாகத் தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அம்மிச்சிக்குக் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். நெசவாளர் சங்கத்தில் வர வேண்டிய கூலி பாக்கியைச் செயலாளரிடம் நேரில் போய்க் கேளுங்கள், போனில் கேட்டால் இழுத்தடிப்பார். பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சிவப்புப் பச்சைக் கோடு போட்ட சின்ன ஜமக்காளம் ஒன்று வேண்டும். உங்கள் பெயர் போட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்