பாப்பாவுக்கு, கடலூர் முதுநகரிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பழைய மிஷின்களில், ஓடுகிறதா நிற்கிறதா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சிக்னல் மாட்யூல் மாட்டும் வேலையில் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்று போனில் சொன்னாய். பஸ் இரைச்சலில் பாதிதான் பேச முடிந்தது. மீதியை எழுதிவிடுகிறேன்.

சிப்காட்டில் எங்கள் ஷெட்டிலும் போன வருடம் மாட்டினார்கள். கம்ப்யூட்டர் வாசனையே படாத லேத்தும் பவர் பிரஸ்ஸும் இப்போது ஆபீஸ் திரையில் பச்சை, சிவப்பு என்று தெரிகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் சிக்னலை எங்கிருந்து எடுக்கிறாய் என்று பார்க்க வேண்டும்.

வந்த பையன்கள் மோட்டார் கான்டாக்டரிலிருந்து, அதாவது மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்சிலிருந்து, ஒயர் இழுத்தார்கள். மோட்டார் ஓடினால் பச்சை. பிரஸ்ஸில் மோட்டார் ஃபிளைவீலைத்தான் சுற்றும், கிளட்ச் பிடித்தால்தானே ஷீட்டை அடிக்கிற ராம் இறங்கும்? ஆபரேட்டர் டீக்குப் போனாலும் திரையில் பச்சை! சரி, கரண்டைப் பார்க்கலாம் என்று ஒயரில் சிடி (கரண்டை அளக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) மாட்டினாலும் சிக்கல் உண்டு. இண்டக்ஷன் மோட்டார் சும்மா சுற்றும்போதே முழு லோடு கரண்டில் மூன்றில் ஒரு பங்கு இழுக்கும், சின்ன மோட்டார் என்றால் அதற்கு மேலும். லேத்தில் லேசாகக் கட்டிங் போனால் ஆம்பியரில் வித்தியாசமே தெரியாது. மோட்டார் நிஜமாகச் செய்யும் வேலையைக் காட்டும் கிலோவாட்டைப் பார்.

பிரஸ்ஸுக்கு கிராங்க் ஷாஃப்ட் பக்கம் உலோகம் பக்கத்தில் வந்தால் தொடாமலே கண்டுபிடிக்கும் ப்ராக்ஸிமிட்டி சென்சார் ஒன்று போதும், ஸ்ட்ரோக்குக்கு ஒரு பல்ஸ். நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் அடிக்கிற மிஷினில் அந்தப் பல்ஸ் வந்ததும் போய்விடும். கம்ப்யூட்டர் மாட்யூலிடம் கேட்டு வாங்கும் மாட்பஸ் லைனில் விநாடிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் தப்பவிடுவாய். எண்ணுகிற வேலையை மாட்யூலுக்கே விட்டுவிட்டு, மொத்தக் கணக்கை மட்டும் வாங்கிக்கொள். 16 பிட் கவுண்டர் என்றால் 65,535-க்கு அப்புறம் பூஜ்யம். நிற்காமல் ஓடினால் 18 மணி நேரத்தில் அந்த இடம் வந்துவிடும், உன் புரோகிராமில் அதைப் பார்த்துக்கொள்.

பழைய பேனல்களில் கண்ட்ரோல் வோல்டேஜ் பல இடத்தில் 110 வோல்ட் ஏசி. உன் மாட்யூல் 24 வோல்ட் டிசி. இரண்டையும் பிரித்து வைக்க நடுவில் ரிலே இல்லாமல் கை வைக்காதே. எமர்ஜென்சி ஸ்டாப் சர்க்யூட் பக்கம் போகவே போகாதே. இங்கே உப்பங்காற்றில் டெர்மினல் எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. கடலோர ஊருக்கு அனுப்பினால் பெட்டியின் கேஸ்கட்டைக் கவனி.

மிஷின் நின்றது என்றுதான் சிக்னல் சொல்லும். ஷீட் வரவில்லையா, டை தேய்ந்ததா, கிரேன் காலியில்லையா என்பது ஆபரேட்டருக்குத்தான் தெரியும். அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு செலக்டர் சுவிட்ச் வைத்து, காரணத்தையும் இன்புட்டாகக் கொடு. எங்கள் ஷெட்டில் அது இல்லை. சிவப்பு எரிந்தால் ஆளைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். பத்து நாளில் எல்லோரும் வேலை இல்லாதபோதும் லேத்தை வெறுமனே ஓடவிட ஆரம்பித்தார்கள். திரை முழுக்கப் பச்சை, சரக்கு பழைய அளவுதான், ஏறியது கரண்ட் பில். ஓடவிட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நீ மாட்டப்போகும் முன்னால் ஆபரேட்டர் பக்கத்தில் ஒரு ஷிஃப்டாவது நில். 'அண்ணே' என்று கூப்பிட்டுக் கேள், எல்லாம் சொல்வார்கள்.

பொங்கலுக்கு எத்தனை நாள் லீவு என்று அம்மா கேட்கிறாள். வரும்போது 8 இன்புட் மாட்யூல் ஒன்று வாங்கி வா, காசு தந்துவிடுகிறேன். கம்ப்ரஸர் ராத்திரி எவ்வளவு நேரம் லோடில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். காற்று எங்கோ கசிகிறது என்று எனக்குச் சந்தேகம்.

அப்பா