பிரேலன் ஆலனை அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கால்பந்தின் ஃபேண்டஸி லீக்குகளைப் பற்றி (நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நாமே ஒரு கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆடுவதற்கு ஏற்பப் புள்ளி சேர்க்கும் போட்டி) எழுத ஆரம்பித்ததற்கு முதலில் நன்றி. நியூ ஜெர்சியில் இருக்கும் எங்களில் பலர் ஆகஸ்ட் வந்துவிட்டால் இதைத்தான் பேசிக்கொண்டிருப்போம். ஆனால் போன வாரக் குறிப்பில் நியூயார்க் ஜெட்ஸ் அணியின் இளம் ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்) பிரேலன் ஆலனை 2025 சீசனுக்கு யாரும் எடுக்கத் தேவையில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 2024இல் 92 முறை பந்தைத் தூக்கி ஓடி 334 யார்டுதான் எடுத்தார் என்பது மட்டுமே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டிருந்தது. அந்தக் கணக்கு சரி, அதிலிருந்து நீங்கள் வந்த முடிவு சரியில்லை.

டிரீம்11இல் கிரிக்கெட்டுக்கு அணி எடுத்துப் பழகிய வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் (பணம் கட்டி ஆடுவதை இந்தியாவில் 2025இல் சட்டம் போட்டே நிறுத்திவிட்டார்கள், எங்கள் லீக்கிலும் பணம் கிடையாது). அங்கே ஒரு ஆட்டத்துக்கு ஒரு அணி, முடிந்ததும் மறந்துவிடலாம். இங்கே செப்டம்பரில் எடுத்த அணியை டிசம்பர் கடைசி வரை வைத்து ஓட்ட வேண்டும், ஒருவர் எடுத்த ஆட்டக்காரரை அதே லீக்கில் இன்னொருவர் எடுக்க முடியாது. பத்து யார்டு ஓடினால் ஒரு புள்ளி, டச்டவுன் போட்டால், அதாவது எதிரணியின் கடைசிக் கோட்டுக்குள் பந்தைக் கொண்டுசேர்த்தால், ஆறு. ரன்னிங் பேக் என்பவர் ஒவ்வொரு முறை பந்தைத் தொடும்போதும் இரண்டு மூன்று பேர் மேலே வந்து விழும் இடத்தில் ஆடுகிறவர், அதனால் முதல் ஆள் அடிபட்டு வெளியே போவது எந்த சீசனிலும் நடக்கும். அன்றைக்கு இரண்டாவது ஆள் உங்கள் பெஞ்சில் இருக்கிறாரா, எதிராளியின் பெஞ்சில் இருக்கிறாரா என்பதில்தான் பல லீக்குகள் முடிவாகின்றன.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இரண்டாம் நிலை ரன்னிங் பேக்கைப் போன வருட சராசரியை வைத்து எடைபோடக் கூடாது, அவருக்கு எவ்வளவு வேலை வரப்போகிறது என்பதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ராம்ஸ் அணியின் கைரன் வில்லியம்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் முதல் வருடம், 35 ஓட்டம், 139 யார்டு, டச்டவுன் ஒன்றுகூட இல்லை. ஆலனுடைய முதல் வருடத்தைவிட மெலிந்த கணக்கு. 2023இல் கேம் ஏக்கர்ஸ்தான் முதல் ஆள் என்று எல்லோரும் நினைத்திருக்க, முதல் ஆட்டத்திலேயே வில்லியம்ஸ் இரண்டு டச்டவுன் போட்டார், அடுத்த வாரம் ஏக்கர்ஸை உட்காரவைத்தார்கள், அப்புறம் மின்னசோட்டாவுக்கே அனுப்பிவிட்டார்கள். வில்லியம்ஸ் 12 ஆட்டங்களில் 1,144 யார்டு ஓடினார். அதே ராம்ஸில் 2018 டிசம்பரில் முதல் ஆளாக இருந்த டாட் கர்லிக்கு முழங்கால் தொந்தரவு வந்தபோது, அந்த வருடம் இரண்டு அணிகள் கழற்றிவிட்ட சி.ஜே. ஆண்டர்சனைக் கூட்டிவந்தார்கள். வந்த முதல் ஆட்டத்தில் 167 யார்டு, அடுத்ததில் 132. அது ஃபேண்டஸி இறுதிப்போட்டிகள் நடக்கும் வாரம் என்பதை ஆடுகிறவர்கள் இன்றும் மறக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மின்னசோட்டாவில் டால்வின் குக்குக்குப் பின்னால் வருடக்கணக்கில் காத்திருந்த அலெக்சாண்டர் மேட்டிசன், குக் இல்லாத நாட்களில் எல்லாம் அள்ளிக்கொடுத்தவர். 2023இல் குக்கை அனுப்பிவிட்டு முழு வேலையையும் அவரிடம் கொடுத்தார்கள். 700 யார்டு ஓடினார், ஓடிப் போட்ட டச்டவுன் பூஜ்யம். ஆகவே இரண்டாவது ஆளை எடுத்தாலே போதும், புதையல் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

சரி, ஆலனுக்கு வருவோம். ஆறடி ஒரு அங்குலம், 235 பவுண்டு, அதாவது சுமார் 106 கிலோ. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முதல் சீசனிலேயே, 17 வயதில், 1,268 யார்டு ஓடியவர். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 2024 டிராஃப்டில் நான்காம் சுற்றில் ஜெட்ஸ் எடுத்தது. அந்த வருடம் இரண்டாவது வாரம் டென்னசிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இரண்டு டச்டவுன், அப்போது வயது 20தான், லீக்கிலேயே எல்லோருக்கும் இளையவர். அந்தத் தொடக்கத்துக்குப் பிறகு என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டாமா? ஐந்து ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ராபர்ட் சாலே நீக்கப்பட்டார், ஆட்டத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பு வேறு கைக்குப் போனது, ஆலனுக்குப் பந்து வருவது குறைந்தது, கடைசி வாரங்களில் இன்னொரு ரன்னிங் பேக் ஐசேயா டேவிஸும் பங்குக்கு வந்தார். அணியே குழம்பிப் போன ஒரு வருடத்தின் கணக்கை அந்தப் பையன் தலையில் மட்டும் கட்டுவது நியாயமே இல்லை.

2025 சீசனுக்கு ஜெட்ஸின் பயிற்சியாளர் ஆரன் கிளென், தாக்குதல் ஆட்டத்துக்கு டானர் எங்ஸ்ட்ராண்ட், இருவரும் டெட்ராய்டிலிருந்து வருகிறவர்கள். டெட்ராய்டில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஜமீர் கிப்ஸ் என்ற மின்னல் வேக ஆள் இருந்தும் டேவிட் மாண்ட்கோமரி என்ற கனத்த ஆளை உட்காரவைக்கவில்லை. 2023இல் மாண்ட்கோமரி 13 டச்டவுன், கிப்ஸ் 10. ஜெட்ஸில் வேகம் முதல் ஆளான பிரீஸ் ஹாலிடம் இருக்கிறது, எடை ஆலனிடம் இருக்கிறது. டச்டவுன் கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு யார்டு தேவைப்படும்போது யாரிடம் பந்தைக் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெளிவாகவே படுகிறது. ஓடுகிறவருக்கு வழி திறந்துவிடும் முன்வரிசையில் இரண்டு ஓரத்துக்கும் அடுத்தடுத்த வருடங்களில் முதல் சுற்றில் ஆள் எடுத்திருக்கிறார்கள், ஒலு ஃபஷானு, அர்மாண்ட் மெம்பூ. ஓடி ஆடும் அணியாக மாற நினைக்காதவர்கள் இப்படிச் செலவு செய்யமாட்டார்கள்.

எனக்கு இருக்கும் ஒரே பெரிய பயம், 2025 சீசனுக்கு ஜெட்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) ஜஸ்டின் ஃபீல்ட்ஸ். அவர் தானே ஓடுகிறவர், 2022இல் சிகாகோவுக்காக 1,143 யார்டும் எட்டு டச்டவுனும் ஓடியே எடுத்தவர். ஆலனுக்கு வர வேண்டிய குறுகிய டச்டவுன்களில் சிலவற்றை அவரே எடுத்துக்கொள்வார், நெருக்கடியில் ரன்னிங் பேக்குக்குச் சின்னப் பந்தாக வீசுவதைவிட ஓடவே பார்ப்பார். அதனால்தான் நம் லீக்கில் ஆள் எடுக்கும்போது ஆலனை ஏழாவது எட்டாவது சுற்றில் பாய்ந்து எடுக்கச் சொல்லமாட்டேன். பன்னிரண்டாவது சுற்றுக்கு மேல், மற்றவர்கள் ஏதோ ஒரு அணியின் நான்காவது ரிசீவரை (வீசிய பந்தைப் பிடிக்கிறவர்) எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் எடுங்கள். ஹாலை வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு சுற்று முன்னாலேயே எடுக்கலாம், ஹாலுக்கு 2022இல் முழங்கால் தசைநார் கிழிந்தது, 2024இலும் முழங்காலால் ஒரு ஆட்டம் உட்கார்ந்தார். அடுத்த வருடத்துக்கும் ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ளும் லீக் என்றால் எனக்கு யோசனையே இல்லை, ஹாலின் ஒப்பந்தம் 2025 சீசனோடு முடிகிறது, ஆலனுக்கு அதற்குப் பிறகும் இரண்டு வருடம் இருக்கிறது.

2025 செப்டம்பர் 7 அன்று ஜெட்ஸின் சொந்த மைதானம் இருக்கும் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் பிட்ஸ்பர்க்குடன் முதல் ஆட்டம். ஆலன் எத்தனை யார்டு ஓடினார் என்பதை மட்டும் போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். ஐந்து யார்டு கோட்டுக்குள் யார் நின்றார், மூன்றாவது டவுனில் (பந்தை முன்னே கொண்டுபோகும் மூன்றாவது முயற்சியில்) குவார்ட்டர்பேக்கைக் காக்க ஹாலை விட்டார்களா டேவிஸையா ஆலனையா, இதையும் உங்கள் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று வாரம் போயும் கோட்டருகே ஆலனைக் காணவில்லை என்றால் அப்போது கழற்றிவிடச் சொல்லுங்கள், நானும் விட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
எடிசன், நியூ ஜெர்சி