கிளாப் அடித்த பையன் பெயரையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் நம் ஊர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்த குறும்படப் போட்டி பற்றி உங்கள் பேப்பரில் செய்தி வந்திருந்தது. மாணவர்கள் எடுத்த படத்துக்கு முக்கால் பத்தி இடம் கிடைத்ததே பெரிய விஷயம், அதற்கு நன்றி. ஆனால் முதல் பரிசு வாங்கிய படத்துக்கு இயக்குநர் பெயர் மட்டும்தான் இருந்தது, போட்டோவிலும் கேடயத்தோடு அந்தப் பையன் மட்டும்தான் நிற்கிறான். கேமரா யார், மைக் பிடித்தது யார், ராத்திரி முழுக்க உட்கார்ந்து வெட்டி ஒட்டியது யார், அத்தனை பேருக்கும் தக்காளி சாதம் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தது யார், ஒன்றும் தெரியவில்லை. உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. கல்லூரிகளிலேயே இப்படித்தான் நடக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் படித்தவள். சென்னை சாலிகிராமத்தில் ஒரு எடிட்டரிடம் ஐந்து வருஷம் அசிஸ்டென்டாக இருந்துவிட்டு, கல்யாணம் குழந்தை என்று பாளையங்கோட்டைக்கே திரும்பி வந்து, இப்போது கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன், கூப்பிடுகிற கல்லூரிகளுக்குப் போய் நாலைந்து நாள் வகுப்பும் எடுக்கிறேன். கடைசி செமஸ்டர் வந்துவிட்டால் பையன்கள் ஹார்ட் டிஸ்க்கும் கையுமாக வீட்டு வாசலில் நிற்பார்கள். இந்த வருஷம் ஒருவன் வந்தான். டைட்டில் கார்டைப் போட்டால் எழுத்து, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, நடிப்பு, இயக்கம் எல்லாம் அவன் பெயர்தான். "டி.ராஜேந்தருக்கு அப்புறம் நீதான் தம்பி" என்றேன், சிரித்தான். ஒன்பது நிமிஷப் படம், அதில் அம்மாவும் மகனும் அடுக்களையில் நின்று பேசுகிற ஒரு நல்ல காட்சி, உண்மையிலேயே நன்றாக எழுதியிருந்தான். ஆனால் அவர்கள் பேசுவதைவிட ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம்தான் தூக்கலாகக் கேட்கிறது. அதுகூடப் பரவாயில்லை, அம்மா பேசும்போது ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, மகன் பதில் சொல்லும்போது நின்றுவிடுகிறது, மறுபடி அம்மாவுக்கு வெட்டினால் மறுபடி ஓடுகிறது. மைக் யார் பிடித்தது என்று கேட்டேன். "மைக்கா? அதான் போன்லயே இருக்குல்லாக்கா" என்றான். அப்புறம் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டான்: "எடிட்ல சரி பண்ணிரலாம்லாக்கா?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் படிக்கிற கல்லூரியில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்றால் ஆளுக்கு ஒரு படம். நாற்பது பேர் வகுப்பில் நாற்பது படம், நாற்பது இயக்குநர், இரண்டே நாளில் அத்தனையையும் பார்த்து மார்க் போட வேண்டிய வாத்தியார்களும் பாவம். குழுவாகச் சேர்ந்து எடுக்க வைக்கிற கல்லூரிகளும் இருக்கின்றன, ஆனால் அங்கேயும் பல இடத்தில் மார்க் இயக்குநருக்கு, மற்றவர்களுக்கு "ஒத்துழைத்தார்" என்று ஏதோ ஒரு எண். நான் படித்தபோதும் இதே கதைதான். ஏழு பேர் சேர்ந்து ஆளுக்கு 700 ரூபாய் போட்டுக் கேமரா வாடகைக்கு எடுத்துப் படம் எடுத்தோம். எடிட் மேசையில் பதினோரு ராத்திரி உட்கார்ந்தவள் நான். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "நீ ஏம்மா தனியா படம் எடுக்கல?"

ஃப்ரிட்ஜ் சத்தத்துக்கு வருவோம். சவுண்ட் ஆட்கள் ஒரு வேலை செய்வார்கள். அடுக்களையில் ஷூட்டிங் என்றால் முதலில் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு, தன் பைக் சாவியை அதற்குள் வைத்துவிடுவார்கள். ஷூட்டிங் முடிந்து பேக்கப் ஆகி வண்டியை எடுக்கப் போகும்போது சாவி ஞாபகம் வரும், சாவியை எடுக்கப் போனால் ஃப்ரிட்ஜை மறுபடி போட வேண்டும் என்பதும் ஞாபகம் வரும், வீட்டுக்காரம்மா பாலும் கெடாது. அசிஸ்டென்டாக இருந்தபோது ஒரு சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் அண்ணன் சொல்லித்தான் எனக்கே இது தெரியும். தனியாகப் படம் எடுக்கிற பையனுக்கு இதை யார் சொல்வார்கள்? ஃபிரேம் பார்த்துக்கொண்டு, நடித்துக்கொண்டு, அடுத்த வசனத்தையும் யோசித்துக்கொண்டிருப்பவன் காதில் ஃப்ரிட்ஜ் விழவே விழாது. காதை மட்டும் தீட்டிக்கொண்டு ஹெட்போனோடு ஒருத்தர் ஓரமாக நிற்க வேண்டும்.

போன வருஷம் ஒரு கல்லூரியில் எட்டுப் பேரை வைத்து ஒரு வகுப்பு எடுத்தேன். ஒரே காட்சி, மூன்று பக்கம், வீட்டு வாடகை கேட்டு வருகிற ஆச்சி ஒருத்தியும் குடியிருக்கிற பையனும், நடுவில் ஒரு டீ தம்ளர். முதல் நாள் ஆளுக்கு ஒரு பொறுப்பு, இரண்டாம் நாள் அதே காட்சியை மறுபடி எடுக்க வேண்டும், ஆனால் எல்லோரும் வேறு வேறு வேலைக்கு மாற வேண்டும், மூன்றாம் நாள் முதல் நாள் ஃபுட்டேஜை எடிட் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கிளாப் அடிக்க வந்தவன் கட்டையை ஆச்சி மூக்குக்கு நேராகப் பிடித்து டமார் என்று அடித்தான், ஆச்சியாக நடித்த பிள்ளை திடுக்கிட்டு வசனத்தை மறந்துவிட்டது. பூம் என்கிற நீளக் கம்பு மைக்கைப் பிடித்த பெண் நாலாவது டேக்கில் கை வலித்து மெல்ல மெல்ல இறக்க, சுவரில் மைக் நிழல் மீன் மாதிரி நீந்துகிறது. கடைசியில் ரூம் டோன், அதாவது யாரும் பேசாமல் மூச்சுக்கூடப் பலமாக விடாமல் முப்பது செகண்ட் அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்வது, எடிட்டில் ஒட்டுப்போட அது வேண்டும். முதல் தடவை ஒருத்தன் வயிறு கடமுடா என்றது, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இரண்டாவது தடவை அதை நினைத்தே சிரித்தார்கள். மூன்றாவதில்தான் கிடைத்தது.

மூன்றாம் நாள் எடிட்டில் உட்கார்ந்தவன் முதல் நாள் கன்டின்யுட்டி நோட்டு, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எது எப்படி இருந்தது என்று குறிக்கிற நோட்டு, வைத்திருந்தவன். கொஞ்ச நேரத்தில் தூரத்து ஷாட்டான வைட்டையும் கிட்டத்து ஷாட்டான குளோஸையும் ஒட்டிப் பார்த்துவிட்டுக் கத்துகிறான், "வைட்ல டீ முக்கால் தம்ளர் இருக்கு, குளோஸ்ல காலி, மறுபடி வைட்ல முக்கால்! யாருடா கன்டின்யுட்டி?" அறையில் ஒரு சத்தமும் இல்லை, ஏழு பேரும் அவனையே பார்த்தார்கள். அவனுக்கு உறைத்த அந்த நிமிஷத்தைத்தான் நான் வகுப்பு என்பேன். ஒரு மணி நேரம் போர்டில் எழுதிப் போட்டாலும் அது வராது. தான் விட்ட தப்பு இன்னொருவர் மேசைக்குப் போகும் என்று தெரிந்தால்தான் நோட்டில் "டீ முக்கால், இடது கை, வாட்ச் இல்லை" என்று எழுதத் தோன்றும். தனியாக எடுப்பவன் தன் தப்பைத் தானே பார்த்து, தானே மன்னித்து, மேலே ஒரு பாட்டைப் போட்டு மூடிவிடுவான்.

இது ஒன்றும் நான் கண்டுபிடித்ததில்லை. பழைய பிரபாத் ஸ்டுடியோ இடத்தில் 1960-இல் தொடங்கிய புனே திரைப்படக் கல்லூரியில் இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலிப்பதிவு என்று தனித்தனியாகப் படிக்கிறவர்கள் பயிற்சிப் படத்துக்கும் டிப்ளமோ படத்துக்கும் ஒன்றாகச் சேர்ந்துதான் ஆக வேண்டும். 2009-இல் ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி அங்கே ஒலிப்பதிவுதான் படித்தார், இயக்கம் இல்லை. நம் சென்னை தரமணி அரசு திரைப்படக் கல்லூரி அதற்கும் முந்தியது, அதன் வேர் 1945, பி.சி.ஸ்ரீராம் அங்கே ஒளிப்பதிவு படித்து வந்தவர். இன்னும் பின்னால் போனால் 1919-இல் மாஸ்கோவில் தொடங்கிய திரைப்படப் பள்ளி. உள்நாட்டுப் போர், ஃபிலிம் சுருளுக்குப் பெரிய தட்டுப்பாடு. குலெஷோவ் என்ற வாத்தியார் என்ன செய்தாரென்றால், ஃபிலிமே இல்லாமல் காட்சியை ஷாட் ஷாட்டாகப் பிரித்து மாணவர்களை மேடையில் நடிக்க வைத்தே பாடம் நடத்தினார். நாற்பது பேருக்கு ஒரே கேமரா, என்ன செய்வது என்று கேட்கிற துறைத்தலைவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: ஒரு கேமரா இருக்கிறதே சார், அவரிடம் அதில் போட ஃபிலிம்கூட இல்லை.

நம் ஆட்கள் செய்ததும் இருக்கிறது. 1986-இல் வந்த 'ஊமை விழிகள்' ஆபாவாணன், அரவிந்தராஜ் என்று திரைப்படக் கல்லூரியில் படித்தவர்கள் கூட்டாகச் சேர்ந்து எடுத்தது. விஜயகாந்த் மாதிரி ஒரு ஹீரோ நம்பி வந்தார், தியேட்டரில் ஓடியது, அப்புறம் கொஞ்ச காலம் 'ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் பசங்க' என்றாலே ஒரு மவுசு. அதை நினைவு வைத்திருப்பவர்கள் பசங்க என்று பன்மையில்தான் சொல்வார்கள், கவனித்திருக்கிறீர்களா? அப்புறம் டிவியில் 'நாளைய இயக்குநர்' வந்தது, கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி எல்லாம் அதில் வந்தவர்கள்தான், குறும்படம் என்ற சொல்லையே வீட்டு ஹாலுக்குக் கொண்டுவந்த நிகழ்ச்சி, நானும் விடாமல் பார்த்தேன். ஆனால் நாளைய ஒலிப்பதிவாளர், நாளைய எடிட்டர் என்று யாரும் ஒரு நிகழ்ச்சி நடத்தவில்லை. இன்டஸ்ட்ரியில் '24 கிராஃப்ட்', அதாவது சினிமாவின் இருபத்துநாலு தொழில் பிரிவு, என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்கிறோம், கல்லூரிக்கு வந்தால் ஒரே கிராஃப்ட்தான்.

போனிலேயே தனியாளாக எடுத்து யூட்யூபில் போட்டு நன்றாகச் சம்பாதிக்கிறார்களே, குழு எதற்கு என்று கேட்பார்கள். நியாயம்தான், ரீல்ஸுக்கும் சமையல் சேனலுக்கும் ஒரு ஆள் போதும், அதையும் ஒரு பாடமாகச் சொல்லிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கிடைக்கப்போகிற முதல் வேலை யாருக்கோ அசிஸ்டென்ட் வேலை. எங்கள் ஊர்க் கல்யாண வீடியோவுக்கே இயல்பான நொடிகளைப் பிடிக்கிற கேண்டிட் ஒருத்தர், சடங்கை வரிசையாக எடுக்கிற ட்ரெடிஷனல் ஒருத்தர், ட்ரோன் ஒருத்தர், ஆல்பம் ஒருத்தர். தாலி கட்டுகிற நேரத்தில் கேண்டிட் ஆள் ட்ரெடிஷனல் ஆளை மறைத்து நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் கேட்டால் தெரியும்.

இன்னொன்று பணம். ஆளுக்கு ஒரு படம் என்று வைத்தால் அப்பா வாங்கிக் கொடுத்த கேமராவும் அதை ஆடாமல் பிடிக்கிற கிம்பலும் இருப்பவன் படம்தான் பளபளவென்று இருக்கும், பகுதிநேரம் கடையில் வேலை பார்த்துப் படிக்கிறவன் படம் இருட்டாக இருக்கும், மார்க்கும் அப்படியே விழும். எட்டுப் பேர் ஒரு படம் என்றால் கேமரா யாருடையதாக இருந்தாலும் லைட் வைக்கத் தெரிந்தவனுக்கு அவன் இடம் உண்டு.

குழு என்றால் சண்டை வரும், ஓசியில் பெயர் வாங்குகிற ஒருத்தனும் இருப்பான், அது எனக்குத் தெரியாதா. பெண்பிள்ளைகளுக்கு எப்போதும் காஸ்ட்யூமும் கன்டின்யுட்டியும் சாப்பாட்டுக் கணக்கும்தான் போய்ச் சேரும். எனக்கு எடிட் கிடைத்ததே "உட்கார்ந்து செய்ற வேலைதானே" என்றுதான். அதனால்தான் பொறுப்பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறேன், ஒரு படத்தில் சாப்பாடு பார்த்தவள் அடுத்த படத்தில் கேமரா. விஸ்காமில் புனே மாதிரித் தனித்தனித் துறை கிடையாது, எல்லோரும் எல்லாமும் கொஞ்சம் படிக்கிறார்கள், ஆகவே இது இங்கே இன்னும் சுலபம். மார்க்கை இயக்கத்துக்கு மட்டும் போடாமல் அன்றைய ஷூட்டிங் திட்டம் எழுதிய கால்ஷீட்டுக்கு, சவுண்ட் ரிப்போர்ட்டுக்கு, கன்டின்யுட்டி நோட்டுக்கு, எடிட் ப்ராஜெக்ட் ஃபைலை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்பதற்கு என்று தனித்தனியாகப் போடலாம். வைவாவில் கேமராக்காரனிடம் சவுண்டைப் பற்றியும் சவுண்ட்காரியிடம் லைட்டைப் பற்றியும் கேளுங்கள். செட்டில் நிஜமாக நின்றவர் யார், போட்டோவுக்கு மட்டும் வந்தவர் யார் என்று இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். ஆடி மாதம் ஷூட்டிங் வைக்காதீர்கள் என்று வேண்டுமானால் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம், அம்மன் கோயில் ஸ்பீக்கரை எந்த எடிட்டராலும் அணைக்க முடியாது.

அந்தப் பையனிடம் படத்தை நான் சரி பண்ணித் தர முடியாது, வகுப்பில் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வா, டப்பிங் பேசுவோம் என்றேன். "அவங்க பேரைப் போட்டா மார்க் குறைப்பாங்கக்கா" என்றான். விதி அப்படியாம். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான், என் வீட்டுப் படுக்கையறையில் ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு நாலு பேரும் மாற்றி மாற்றிப் பேசி முடித்தார்கள். அவனும் டைட்டில் கார்டில் மூன்று பெயரையும் ஏற்றிவிட்டான். மார்க் என்ன ஆகுமோ.

உங்களிடம் கேட்பது சின்ன உதவிதான். அடுத்த தடவை மாணவர் படத்துக்குப் பரிசு என்று செய்தி போட்டால் இயக்குநர் பெயரோடு ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங் பெயர்களையும், கிளாப் அடித்த பையன் பெயர் வரைக்கும் போடுங்கள். போட்டோவில் எல்லோரையும் நிற்க வைக்கச் சொல்லுங்கள். இடமில்லை என்றால் இந்தக் கடிதத்தில் வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம், ஒரு எடிட்டர் வெட்டினால் இன்னொரு எடிட்டர் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை