கல்லின் மடிப்பும் சல்லாத் துணியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரீஸ் பெண்கள் அணிந்த வெள்ளை நீளங்கியைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, முப்பது ஆண்டுகள் பள்ளியில் ஓவியம் கற்பித்தவன் என்ற முறையில், கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இத்தாலியில் எரிமலை வெடிப்பில் புதைந்துபோன பண்டைய ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியத்தில் 1738-லும் பாம்பேயில் 1748-லும் தொடங்கிய அகழாய்வுகளில் வெளிவந்த சிலைகளும் சுவரோவியங்களும் ஓவியர்களைக் கவர்ந்தன. மார்புக்குக் கீழே கட்டிக் கால்வரை தொய்ந்து விழும் உடை அவர்கள் வழியாகவே பரவியது என்பது சரியே. ஆனால் கல்லில் செதுக்கிய மடிப்பை உடம்பின்மேல் விழவைத்தது எது? விறைத்து நிற்கும் கனத்த பட்டால் அது ஆகாது. வங்கத்திலிருந்து கப்பலேறிய மெல்லிய பருத்தித் துணி, நாம் சல்லா என்று சொல்லும் இனம், அதைத் தந்தது. கஞ்சி போடாத சல்லாவில் இரண்டு கெஜத்தை நாற்காலியின் முதுகில் போட்டால், மடிப்புகள் கோடு கிழித்தாற்போல் இறங்கித் தரையைத் தொடும் இடத்தில் மட்டும் குழையும். மாணவர்களுக்கு நிழல் தீட்டக் கற்பிக்க நான் இதைத்தான் செய்வேன்.

1783-இல் விழே லெப்ரன் என்ற பெண் ஓவியர் பிரான்சு நாட்டு அரசி மரி அந்துவானெத்தை இத்தகைய எளிய வெள்ளை உடையில் வரைந்தபோது, அரசியை உள்ளாடையோடு காட்டுவதா என்று கண்டனம் எழுந்து, படம் கண்காட்சியிலிருந்து அகற்றப்பட்டது. 1800-இல் தாவீத் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த படத்தில் பாரீஸ் சீமாட்டி மேடம் ரெக்காமியே வெள்ளை உடையும் வெறுங்காலுமாகச் சாய்ந்திருக்கும்போது, அதுவே உயர்ந்த நாகரிகம். பண்டைய பளிங்குச் சிலைகள் வண்ணம் பூசப்பட்டவை என்பதும், நாளடைவில் அந்த வண்ணம் அழிந்ததால்தான் வெள்ளையாகத் தெரிந்தன என்பதும் கட்டுரையில் இடம்பெற்றிருக்க வேண்டும்.

ஆடை வடிவமைப்பு படிக்கும் என் பேத்தியின் குறிப்பேட்டில் கிரேக்க மடிப்புகள் பத்துப் பக்கம் இருக்கின்றன. கொசுவம் ஒரு பக்கத்திலும் இல்லை. வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில் யாளிகளையும் குதிரை வீரர்களையும் வியந்துவிட்டு நகர்கிறோம். அதே தூண்களில் உள்ள சிறிய உருவங்களின் அருகே நின்று பார்த்தால், துணி இருப்பதை மெல்லிய கீறல் கோடுகளாலேயே சிற்பி உணர்த்தியிருப்பது தெரியும். ஆரணியிலும் குடியாத்தத்திலும் தறி ஓடும் மாவட்டங்களின் பிள்ளைகள் இதை வரைந்து பழகாதது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

வடஆற்காட்டுக் கோயில் சிற்பங்களின் ஆடைகளைப் பற்றி, நெசவாளர்களிடமும் கேட்டறிந்து, தாங்கள் ஒரு தொடர் வெளியிட வேண்டுகிறேன். வரைபடங்கள் தேவைப்பட்டால் நானே வரைந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
குடியாத்தம்.